காருக்காக நொண்டிய கதை

அஸ்தம்பட்டி வாழ் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: எங்கள் வீட்டில் கார் இல்லை. இனி வரப்போவதும் இல்லை.

பெரியப்பா தன் பழைய காரைத் தருகிறேன் என்று சொல்லி, இன்றைக்குள் பதில் கேட்டிருந்தார். அம்மா அசையவில்லை. "எல்லாம் நடக்கற தூரத்துல இருக்குதுன்னுதான இத்தன வாடக குடுக்கறோம்? அப்புறம் காரு எதுக்கு?"

எனக்குக் கார் வேண்டும். அதனால் சாயங்காலம் அம்மாவோடு காய் வாங்கப் போகும்போது திடீரென்று நொண்டினேன்.

"காலு சுளுக்கிருச்சும்மா! காரு இருந்திருந்தா..."

என்னே நடிப்பு! எனக்கே வலித்தது.

உடனே பூக்கார அக்கா தன் ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டார். "ஏனுங்க டீச்சர், தம்பிக்கு என்னாச்சுங்க?"

டெய்லர் அண்ணன் சோடா வாங்கி வந்தார். மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு ஓடிவந்து காலில் கட்டே போட்டுவிட்டார். இளநீர்க்காரர் மொபெட்டைத் திருப்பினார். "ஏறு சாமி, ஊட்ல உட்டர்றேன்."

இத்தனையும் எனக்காக இல்லை. தினமும் அந்த வழியே நடந்து, ஒவ்வொருவரிடமும் நின்று பேசிவிட்டுப் போகும் அம்மாவுக்காக. அசந்துபோனேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பெரியப்பாவுக்குப் போன் போட்டார். "காரு வேண்டாங்க மாமா."

பிறகு என்னிடம், "அடுத்த தடவ எந்தக் காலுன்னு முடிவு பண்ணிட்டு நொண்டு சாமி."

குனிந்து பார்த்தேன். நொண்டியது வலது கால். கட்டுப்போட நான் நீட்டியது இடது.

நாளைக்குப் பூக்கார அக்கா கட்டாயம் விசாரிப்பார். எந்தக் காலை நொண்டட்டும், சொல்லுங்கள்.