வாழவந்தி நாட்டில் மாட்டிய அட்டை

"இந்தப் புள்ளைய அங்கயேதான் வளக்கப் போறீங்களா அம்மிணி?"

கொல்லிமலையில் ஒரு பெண் என்னிடம் கேட்டது இது. குத்தலாகக் கேட்கவில்லை. சோறு போடட்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். மலையை விட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றன. இன்னும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கடலோரத்தில், ஓர் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில். கணவருக்கு நிலையத்துக்குள் வேலை. நான் சுற்றுச்சூழல் அளவீட்டுப் பிரிவில் ஒப்பந்த உதவியாளர். நிலையத்தின் இயக்க உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய காலம் இது. அதற்கான சுற்றுச்சூழல் ஆய்வில் எங்கள் ஊர் மண், தண்ணீர், பால், காற்று எல்லாவற்றையும் அளக்கிறார்கள். ஆனால் ஓர் ஊரின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லிவிட முடியாது. நிலையத்தின் காற்றே எட்டாத தொலைவிலும் அளந்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அப்படிப்பட்ட தொலைவிடங்களில் ஒன்றாகக் கொல்லிமலையை இந்த முறைதான் முதன்முதலாகச் சேர்த்தார்கள். என் சக ஊழியர் ஒருவர் போய், அங்கே வாழவந்தி நாடு என்ற பகுதியில் ஒரு விவசாயி வீட்டு மரத்தில் கதிர்வீச்சை அளக்கும் அட்டை ஒன்றை மாட்டிவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்து அதை எடுத்து வர வேண்டும். அவர் விடுப்பில் போனதால் அந்த வேலை எனக்கு வந்தது.

அலுவலகத்தில் சொல்லாத காரணம் ஒன்றும் எனக்கு இருந்தது. உரிமம் புதுப்பிக்கப்பட்டால் கணவர் இங்கேயே தொடரலாம். வேண்டாமென்றால் சென்னைக்கு மாற்றல் தருவார்கள். எது என்று வரும் முப்பதாம் தேதிக்குள் எழுதித் தர வேண்டும். மகள் யாழினிக்கு மூன்று வயது. "எல்லாம் வரம்புக்குள்ளதானே இருக்கு, நீயேதானே டைப் பண்ற?" என்கிறார் கணவர். உண்மைதான். ஆனாலும் நானாக ஒரு முடிவு செய்து வைத்திருந்தேன். கொல்லிமலை எண்ணும் எங்கள் குடியிருப்பின் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தங்கிவிடுவது, மலையின் எண் மிகவும் குறைவாக இருந்தால் கிளம்பிவிடுவது. பாறைகளிலிருந்தும் இயற்கையாகக் கதிர்வீச்சு வரும், மலையின் எண் கூடுதலாகவே இருக்கலாம் என்று படித்தவள்தான் நான். இருந்தாலும் மனம் அந்த மலையைத்தான் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டது.

முந்தின நாளே நாமக்கல் வந்து தங்கி, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அங்கிருந்து கிளம்பினோம். வாடகைக் கார், நாள் முழுவதற்கும் 3,500 ரூபாய். கணவருக்கு அன்று பணி இருந்ததால் யாழினியையும் அழைத்துப் போனேன். அழைத்துப் போனது சரியா என்று சேந்தமங்கலம் வரை, அதாவது பன்னிரண்டு கிலோமீட்டர், யோசித்துக்கொண்டே போனேன். அங்கே இட்லி, பழம், ஒரு கட்டு பிளாஸ்டிக் பை வாங்கினோம். பை வாங்கச் சொன்னது ஓட்டுநர் முருகேசன்.

காரவள்ளியில் மலைச்சாலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. பாதி ஏறுவதற்குள் யாழினி இரண்டு பைகளை நிரப்பிவிட்டாள். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது.

"உடுங்க மேடம். வாந்தி எடுக்காம மேல போனா இந்த மலை நம்மள ஒரு ஆளாவே மதிக்காது" என்றார் முருகேசன். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கீறி அவள் கையில் கொடுத்தார். "மோந்துக்கிட்டே வா சாமி."

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அணு ஒலைங்களா? அங்க இருந்தா முடியெல்லாம் கொட்டிப்போவும்ங்கறாங்களே?"

"அதெல்லாம் இல்லைண்ணா. குழந்தை பெத்தா எல்லாருக்கும்தான் கொட்டுது."

"எனக்கு ரெண்டுமில்லாமயே கொட்டிப்போச்சுங்களே" என்று தலையைத் தடவிக் காட்டினார். சிரித்தேன். சிரித்து முடித்ததும் என் பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஒன்பதரைக்குச் செம்மேடு. தேநீர் 12 ரூபாய், மிளகுத்தூள் தூவிய அன்னாசித் துண்டுகள் ஒரு தட்டு 30 ரூபாய். வெயில் இருந்தும் காற்று குளிர்ந்தது. அங்கிருந்து சிறிய தார்ச்சாலை. இரண்டு பக்கமும் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. பேருந்துக்கு ஒதுங்கி, இருசக்கர வண்டிகளுக்கு ஒதுங்கி, பத்தேகாலுக்கு அந்த வீட்டை அடைந்தோம்.

வீட்டுக்காரர் பெரியசாமி. மனைவி சின்னப்பொண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முற்றத்தில் பலாமரம் நின்றது. அதில் கட்டியிருந்த கம்பியும் அப்படியே இருந்தது. அட்டையைத்தான் காணோம்.

என் முகம் போன போக்கைப் பார்த்துச் சின்னப்பொண்ணு சிரித்தாள். "ஏனுங்க, பயந்துட்டீங்களா? பத்திரமா இருக்குதுங்க. வாங்க உள்ள."

சமையற்கட்டுக்கு அழைத்துப் போனாள். விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே மூங்கில் பரண். கைகளை உயர்த்தி, சாமை விதை முடிப்புக்கும் சோளக்கதிர்களுக்கும் நடுவிலிருந்து துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். பிரித்தால், எங்கள் அட்டை. உறை பழுப்பேறி, ஓரத்தில் லேசாகச் சுருங்கியிருந்தது.

"மாட்டிட்டுப் போன சாரு, மழையில நனையாம பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொன்னாருங்க. அடுத்த வாரமே மழை புடிச்சுது. வெதைய வெக்கற எடத்துலயே வெச்சுட்டேன். பொகை பட்டா பூச்சி அண்டாது, ஈரம் ஏறாதுங்க."

அந்த அட்டை வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் என் நிலை புரியும். அதற்குள் இருக்கும் சிறு வில்லைகள், சுற்றுப்புறக் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அவற்றைச் சூடாக்குவார்கள். சூடு பட்டதும் சேர்த்தது எல்லாம் ஒளியாக வெளியேறும், அந்த ஒளியை அளப்பார்கள். இங்கே மூன்று மாதமாக அடுப்பு அந்த வேலையைச் செய்திருந்தது. எவ்வளவு போயிருக்கும், எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். சொல்லாமல் வந்தால் அடுத்த அட்டையும் பரணுக்குத்தான் போகும். எனவே சொன்னேன். சின்னப்பொண்ணு அடுப்பையும் பரணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருக்கறதுலயே நல்ல எடத்துலதானுங்க வெச்சேன். அதுவா தப்பாப் போச்சு?"

"மாமியா நகைய வெச்சாக்கூட இவ்வளவு பத்திரமா வெக்க மாட்டா இவ" என்றார் பெரியசாமி வாசலில் இருந்து.

"உங்கம்மா நகை குடுத்தாங்களாக்கும், வெக்கறதுக்கு!" என்றாள் அவள். அவர் பலாமரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

சாலைக்கு ஏறி வந்தால்தான் கைப்பேசியில் சிக்னல் கிடைத்தது. எங்கள் அதிகாரியை அழைத்தேன். "வெப்பம் பட்டதுனு குறிச்சு கொண்டு வாம்மா. அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம். புதுசை மாட்டிட்டு வா, மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார். மற்றத் தொலைவிடங்களின் எண்கள் இருப்பதால் ஆய்வு நிற்காது. கொல்லிமலைக்கு நேரே மட்டும் இந்த முறை எண் இருக்காது. அவர் சொன்னது முறைதான். நிற்பது என் முடிவு மட்டும்.

பையில் இருந்த பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். பழுப்பேறிய உறையையும் சுருங்கிய ஓரத்தையும் தவிர அதில் பார்வைக்குக் குறையில்லை. நான் வருவதற்கு முன்பே சின்னப்பொண்ணு அதை மரத்தில் திரும்ப மாட்டியிருந்தால், நான் ஒன்றும் தெரியாமல் எடுத்து வந்திருப்பேன். ஆய்வகத்தில் எண் குறைவாக வந்திருக்கும். மலை எவ்வளவு சுத்தம், நாம் எங்கே இருக்கிறோம் என்று பெட்டி கட்டியிருப்பேன். அங்கேயே நின்று, உறையின் மேல் 'வெப்பம் பட்டது' என்று எழுதினேன்.

திரும்பி வந்தபோது யாழினி கேப்பைக் களியை நிலக்கடலைத் துவையலோடு தின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அவள் ஒரு வாய் வாங்க ஊரையே சுற்றிக் காட்ட வேண்டும். சின்னப்பொண்ணு அவள் வாயைத் துடைத்தபடி, "நீங்க குடியிருக்கறதும் அந்தக் கரண்டு எடுக்கற எடத்துக்குப் பக்கத்துலயாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தாங்க இந்த அட்டையை எடுக்க வந்தேன்" என்றேன், யோசிக்காமல். அதுவரை யாரிடமும் சொல்லாதது.

அவள் களிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அய்யோ சாமி" என்றாள். பிறகு, "எங்க பெரியவன் நாமக்கல்லுல ஆஸ்டல்ல படிக்கறானுங்க. அங்க லாரியும் பொகையும்தான். நானும் அளந்து பாத்தா அனுப்புனேன்? நல்ல பள்ளிக்கோடம் இருக்குதேன்னு அனுப்புனேன்" என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா, தன் பங்குக்கு வருத்தப்பட்டாளா என்று தெரியவில்லை.

புது அட்டையைப் பெரியசாமியே மரத்தில் கட்டினார், நனையாத உறை போட்டு. மழை வந்தாலும் புயல் வந்தாலும் தொடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்ல வாயெடுத்தபோது, "இந்தத் தடவ இவளையே அடுப்பங்கரையில கட்டிப் போட்டுடறேனுங்க" என்றார்.

மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினோம். இறங்கும்போது யாழினி தூங்கிவிட்டாள். எங்கள் ஊரில் காற்று உப்பாக இருக்கும், தெருக்கள் நேராக இருக்கும், குழந்தைகள் சைக்கிள் ஓட்டப் பயமில்லை. இங்கே நல்ல பள்ளிக்கு மலை இறங்க வேண்டியிருக்கிறது. எண் இல்லாமல் ஒப்பிட்டால் இவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

புதிய அட்டையின் அளவு வருவதற்குள் முப்பதாம் தேதி போய்விடும். கணவர் கடிதத்தின் இரண்டு வடிவங்களையும் எழுதி வைத்து, "நீ சொல்றதுல கையெழுத்துப் போடறேன்" என்கிறார். வாசகர்களில் இப்படிப்பட்ட ஊர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். பிள்ளைக்காக ஊரை விட்டு வந்தவர்களும் இருப்பீர்கள். நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள்? பிறகு அதற்காக வருந்தினீர்களா? தயவுசெய்து முப்பதாம் தேதிக்கு முன் எனக்கு எழுதுங்கள்.