சலூன்காரரின் இரண்டு தோள்கள்

சலூன்காரருக்குத் தலையே சுற்றியது. ஆபரேஷன் ஆன வலது தோள் ஜோராக வேலை செய்கிறதாம். ஒரு குறையுமில்லாத இடது தோள்தான் பாதிக்கு மேல் எழும்பவில்லையாம். பிசியோதெரபி பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி அப்படித்தான் சொன்னாள். இதை எங்கே போய்ச் சொல்ல!

பள்ளிக்கூடம் பிடிக்காமல் கத்தரியைப் பிடித்த மனுஷன். வேறு வேலை தெரியாது. வலது கை எழும்பாவிட்டால் அடுத்தவன் தலையை எட்டுவது எப்படி? இனி இந்தத் தொழில் நமக்கு உண்டா, இல்லையா என்பதுதான் அவர் கவலை. வீட்டில் கை எப்படி அசைகிறதென்று பார்க்க, ஆஸ்பத்திரியில் சென்சார் வைத்த பட்டைகள் கொடுத்திருந்தார்கள். சிவப்பு ஒரு கைக்கு, நீலம் மறு கைக்கு. எப்படிக் கட்டுவதென்று ஒரு படமும் உண்டு. ஒரு வாரம் குளிக்கிற நேரம் தவிர அவர் கழற்றவேயில்லை. அதன் ரிசல்ட்தான் இது.

மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூட்டிக்கிடந்த சலூனைக் கூட்டித் துடைக்கக் கிளம்பிவிட்டாள். இவருக்கோ ஒன்றும் பிடிபடவில்லை. சட்டை மாட்டினால் வலது தோளில் உயிர் போகிறது. மெஷின் பொய் சொல்லுமா? ஒருவேளை நமக்குத்தான் பிரமையோ? மறுநாள் இடது தோளும் வலிக்க ஆரம்பித்தது. நிஜமாகவே வலித்தது, அதுதான் கூத்து.

பயந்துபோய் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிசியோதெரபி பெண் இடது கையைத் தூக்கச் சொன்னாள். முனகிக்கொண்டே தூக்கினார், சர்ரென்று உச்சிக்குப் போனது. இப்போது அவளும் குழம்பிப்போய், பட்டைகளைக் கொடுத்து, வீட்டில் கட்டிய மாதிரியே கட்டச் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிவப்பை இடது கையில் கட்டினார்.

"அண்ணே, சிவப்பு வலது கைக்கு."

"படத்துல இந்தப் பக்கம்தானே இருக்கு?"

படத்திலிருந்த ஆள் எதிரே நின்றான். அவனுடைய வலது கை நமக்கு இடப்பக்கம்தானே தெரியும்! ஆனால் வாழ்நாளெல்லாம் கண்ணாடியைப் பார்த்தே முடி வெட்டியவருக்கு, எதிரே தெரிகிறவன் கண்ணாடிக்குள் இருப்பவன். அவன் கை எந்தப் பக்கம் தெரிகிறதோ, நமக்கும் அதே பக்கத்துக் கை.

அவள் சிரித்துவிட்டாள். இடது தோளுக்கு ஒன்றுமேயில்லை என்றாள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது. வலி போன இடம் தெரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"அப்ப ஜோரா வேலை செய்யுதுன்னு சொன்னீங்களே, அது?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவருடைய இடது கையைத் தொட்டாள்.

"இந்தக் கைதான்ணே."