பந்து கட்டாத கம்பி

உங்கள் தலைக்கு மேலே போகும் மின்கம்பியை எப்போதாவது நிமிர்ந்து பார்த்ததுண்டா? பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்தை மர உச்சிக்கும் கீழே ஓட்டுகிறவனுக்கு அதுதான் எமன். அந்த வேகத்தில் கம்பி கண்ணில் படாது. கம்பத்தைப் பார்த்துத்தான் கம்பியை ஊகிக்க வேண்டும். போன வாரம் ஒரு வயலோரம் கம்பங்களை மரங்கள் மறைத்திருந்தன. கம்பி சக்கரத்தைப் பிடித்து இழுக்க, விமானம் பயிருக்குள் குப்புற விழுந்தது.

ஓட்டியவனை எல்லோரும் தும்பி என்பார்கள். இப்போது அந்தத் தும்பி, இரண்டு காலிலும் இடுப்பு வரை மாவுக்கட்டோடு கம்பெனி வீட்டுக் கட்டிலில் கிடந்தான். புரண்டு படுக்கக்கூட மனைவியைக் கூப்பிட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதையில் இன்னொரு விமானம் உறுமிக்கொண்டிருந்தது. அதில் அவன் மச்சினன். மிச்ச வயலுக்கு மருந்தடிக்கப் போகிறான். அதே வயல், அதே கம்பி.

முதலாளி கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"விசாரணை அதிகாரி வாசல்ல இறங்கிட்டார். என்ன சொல்லப்போறே?"

"கம்பி கண்ணுல படறதுக்குக் கட்டற அடையாளப் பந்து அதுல இல்லன்னு."

"பந்து விளையாடவா வானத்துல ஏறினே? எல்லாம் விதிப்பா. இல்லன்னா உன் கவனக்குறைவுன்னு சொல்லிடு. இந்த வீடும் இருக்கும், உன் மச்சினன் வேலையும் இருக்கும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

அதிகாரி உள்ளே வந்தார். "விபத்துக்கு என்னப்பா காரணம்?"

தும்பி முதலாளியைப் பார்த்தான். "விதிங்க."

முதலாளி சிரித்தார். அதிகாரி எழப்போனார்.

"இன்னும் முடிக்கலங்க. தெளிக்கிற வயல் மேல போற கம்பியில சிவப்புப் பந்து கட்டணும்ங்கற விதி. மின்சார ஆபீசுல சொல்லி அதைக் கட்ட வைக்க வேண்டியது இவர். நாலு தடவை கேட்டேன். இப்ப என் மச்சினன் அந்தக் கம்பிக்குக் கீழதான் போறான்."

அதிகாரி நேரே ஓடுபாதைக்கு நடந்தார். சற்று நேரத்தில் விமானம் கிளம்பாமலே உறுமல் அடங்கியது. முதலாளி வாசற்படியில் நின்று, "நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிடு" என்றார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நான் பாதி சாமானைக் கட்டிட்டேன். உங்களைத்தான் எதுல கட்டறதுன்னு தெரியல."

கட்டாமல் விட்ட பந்துக்குத் தலையெழுத்து என்று பெயர் வைக்கிறவர்கள் எங்கும் உண்டு. உங்கள் பக்கத்து வயலுக்கு மேலும் கம்பி போகிறதா? நாளைக்கே மின்சார ஆபீசுக்குப் போய், பந்து எங்கே என்று கேளுங்கள். கட்டும்வரை கேளுங்கள்.