பாரத்தில் கட்டம் இல்லாதவர்கள்

பவித்ரா அக்கா, உங்களோடு ஜீப்பில் வரும் உங்கள் கல்லூரிக்காரர்கள் தவிர வேறு யாரிடமும் இதைக் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் செல்வராணி அக்காவின் குரலைப் போனில் மட்டும் கேட்டவர்கள். ஆனாலும் அவரிடம் உண்மையைச் சொன்னவர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அப்பாவுக்குப் போன் வந்தது. காய்ச்சலில் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த அக்கா இறந்துவிட்டார். அப்பா போனை வைத்தார். பிறகு அம்மாவிடம், "அந்தப் புள்ள எழுதுன நோட்டு மாடியிலதான இருக்கும்?" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம் வந்தது. நோட்டு என் பள்ளிப் பைக்குள் இருந்தது.

உங்கள் கல்லூரி அலுவலகத்தில் அப்பா கண்காணிப்பாளர். அக்கா அங்கே தற்காலிகப் பணியாளர். பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். படித்து முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துப் பல்கலைக்கழகப் பாரத்தில் குறிப்பது அவர் வேலை. வேலையில் உள்ளார், மேற்படிப்பில் உள்ளார் என்று இரண்டே கட்டங்கள். சாயங்காலம் நான் எண்களை வாசிக்க, அவர் கூப்பிடுவார்.

"வேலைக்குப் போறேன்க்கா" என்றீர்கள் நீங்கள். பாரத்துக்கு அது போதும். அக்கா விடவில்லை.

"எங்கன?"

"மலைக்கு. காலையில நாலு மணி ஜீப்பு."

"ஏலத்தோட்டமா?"

"தாவரவியல்ல படிச்சேன்! படிச்சதுக்கு ஏத்த வேலை."

இருவரும் சிரித்தீர்கள். பிறகு அக்கா பாரத்தில் குறியிட்டார். தன் நோட்டில், "பவித்ரா, ஏலக்காய் எடுக்கிறார்" என்று எழுதினார். அடுத்த எண்ணை வாசித்தேன். அவர் கை போனுக்குப் போகவில்லை.

பாதியில் படிப்பை விட்டவர்களின் பெயர்களை அப்பா பட்டியலிலிருந்தே எடுத்தபோது, அக்கா படியிறங்கி வந்தார்.

"பாதியில போனவுகள எடுத்துட்டா மிச்சம் எல்லாரும் பாஸ்தான, சார்?"

"கட்டம் இல்லாதத எங்கன எழுதச் சொல்றம்மா? தரம் குறைஞ்சா பாடப்பிரிவையே மூடிருவாக. அப்புறம் அந்தப் பிள்ளைக எங்க போகும்?"

"இப்ப எங்க போயிருக்குன்னு கேட்டுட்டு மூடட்டும்."

அந்தப் பெயர்களும் நோட்டில் ஏறின. அப்பா கெட்டவர் இல்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாளை மறுநாள் கல்லூரிக்குத் தரம் போட மதிப்பீட்டுக் குழு வருகிறது. வேலையில் உள்ளவர் என்று உங்களைப் பேச அழைத்திருக்கிறார்கள். அப்பா இன்று மாடி அறை முழுவதும் தேடினார், கிடைத்தால் எரித்துவிடுவார். விடிவதற்குள் ஜீப் நிற்கும் முக்குக்கு வந்து இதையும் நோட்டையும் உங்களிடம் தந்துவிடுகிறேன். நோட்டைக் குழுவிடம் காட்டுங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நோட்டை என் கையில் திணித்து அக்கா சொன்னார்: "உங்கப்பா கேட்டா தெரியாதுன்னு பொய் சொல்லாத. இருக்கு, குடுக்க மாட்டேன்னு சொல்லு." மூன்று நாளாக நான் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

நோட்டு உங்களுக்கு. அக்காவுடையது என்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியம். இன்னும் என் வாயில் அது வரவில்லை.

அப்பா கதவைத் தட்டுகிறார்.

"ஆத்தா, லைட்டு எரியுதே. அந்த நோட்டு உங்கிட்டயா இருக்கு?"