முகத்துவாரத்தில் கூப்பிட்ட குரல்

ஊரூர்க் குப்பத்துக் கெங்கம்மாவுக்கு 1971இல் பதினேழு வயது. அம்மா தவறிய பிறகு மீன்கூடை அவள் தலைக்கு வந்தது. அடையாற்றில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதிக்குத் தினமும் மீன் கொண்டுபோவாள். நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த ஃபோலாகே அங்கேதான் பழக்கமானாள். தமிழையும் கெங்கம்மாவிடமே கற்றதால், அந்தப் பெண் பேசியதெல்லாம் அசல் குப்பத்துத் தமிழ்.

அந்த வருடம் கல்லூரியில் ஒரு பழைய ஆங்கில நாடகம் போட்டார்கள். ஃபோலாகேவுக்குக் கடலரசி வேடம். கொடுத்த கவுன் அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் ஊர் ஆற்றுக்கு யெமோஜா என்றொரு தாய் உண்டு, மீன்களையே பிள்ளைகளாகப் பெற்றவள், நீலமும் வெள்ளையும்தான் உடுப்பாள் என்றாள். கெங்கம்மா அவளைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போய் நீலத் துணி எடுத்தாள். வெள்ளைப் பாசிமணியைத் தானே கோத்தும் கொடுத்தாள்.

நாடகத்தன்று காலை காற்று திரும்பியது. மற்றக் கட்டுமரங்கள் கரை சேர்ந்துவிட்டன; அவள் அப்பா மண்ணாங்கட்டியின் மரம் மட்டும் வரவில்லை. மதியம் தாண்டியும் கெங்கம்மா, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்திலேயே நின்றாள். விஷயம் தெரிந்து ஃபோலாகே ஒத்திகையிலிருந்து வேடத்தோடே ஓடிவந்தாள்.

“நான் எங்கம்மாவ கூப்புடறேன். நீ உங்கம்மாவ கூப்புடு,” என்றாள்.

இருவரும் முழங்கால் நீரில் இறங்கினார்கள். ஒருத்தி யெமோஜாவை அழைத்தாள். ஒருத்தி குப்பத்துக் கங்கையம்மனை அழைத்தாள். தொண்டை கட்டும்வரை ஃபோலாகே விடவில்லை. திடீரென்று ஓரிடத்தில் மட்டும் அலை அடங்கியது. நீலச் சேலை கட்டிய பருத்த பெண்ணொருத்தி இடுப்பளவு நீரில் நடந்து வந்தாள். அவள் கையிலிருந்த கயிற்றின் மறுமுனையில் அப்பாவின் கட்டுமரம். மரம் மணலைத் தொட்டபோது கயிறும் இல்லை, அவளும் இல்லை.

அப்பா மரத்திலிருந்து இறங்கியதும் கேட்டார்: “அந்தம்மா யாரு? அவ்ளோ தூரம் இஸ்துகினு வந்துச்சே, ஒரு வார்த்த பேசல.”

மாலையில் ஃபோலாகேவுக்குக் குரலே எழும்பவில்லை. கடைசிக் காட்சியில் கடலரசி, மூழ்கியவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். நாடகத்தை நிறுத்திவிடலாம் என்றார் ஆசிரியை ஜெயபாரதி. ஃபோலாகே, கூடவே வந்திருந்த கெங்கம்மாவின் கையைப் பிடித்து, தனக்குப் பதில் அவளே அழைக்க வேண்டும் என்று சாடை காட்டினாள்.

“எனுக்கு இங்கிலீசு வராதுக்கா,” என்றாள் கெங்கம்மா.

“கடலுக்கு மட்டும் வருமா இன்னா?” என்றாள் ஃபோலாகே, கிசுகிசுப்பாக.

மேடையில் ஃபோலாகே கைகளை விரித்து நின்றாள். பக்கத்தில் ஈரச் சேலையோடு நின்ற கெங்கம்மா, மதியம் எப்படி அழைத்தாளோ அப்படியே தமிழில் அழைத்தாள். பின்வரிசையில் போர்வைக்குள் அப்பா அழுதுகொண்டிருந்தார்.

மறு வருடம் ஜெயபாரதி சொந்தமாக ஒரு தமிழ் நாடகக் குழு தொடங்கியபோது முதலில் தேடி வந்தது குப்பத்துக்குத்தான். காலையில் மீன், மாலையில் ஒத்திகை. வசனம் படிப்பதற்காகக் கெங்கம்மா அகரத்திலிருந்து எழுத்துக் கற்றாள். 1974இல் தியாகராய நகரில் நடந்த நாடகத்தின் நோட்டீசில் தன் பெயர் இருப்பதை யாரும் காட்டாமலே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.