கனத்த வாயுவில் வந்த அலை

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் ‘படார்’ என்று பெயர். நீண்ட இரும்புக் குழாயின் ஒரு முனையில் காற்றை அழுத்தி அடைத்து, அதை மறித்திருக்கும் தகட்டைக் கிழியவிட்டால், படார் என்ற சத்தத்தோடு ஓர் அதிர்வலை மறுமுனைக்குப் பாயும். அந்தக் குழாயைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதுதான் அவர் வேலை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்திருந்தது.

கொஞ்ச காலமாக அங்கே ஒரு சோதனை நடந்தது. குழாயின் கடைசிப் பகுதியை ஒரு மெல்லிய படலத்தால் பிரித்து, மேலே ஹீலியத்தையும் கீழே கனமான வேறொரு வாயுவையும் நிரப்புவார்கள். ஒரே அலை இரண்டுக்குள்ளும் நுழையும். ஹீலியத்தில் தலைதெறிக்க ஓடும். கனத்த வாயுவில் ஆடி அசைந்து வரும். இப்படி ஒருபக்கம் முந்தி ஒருபக்கம் பிந்துவதில், இரண்டு வாயுவும் சந்திக்கும் எல்லையில் அலை வளைந்து சாய்ந்துபோகும். அந்தச் சாய்வைத்தான் படம் பிடிப்பார்கள். படலத்தை ஒட்டுவது படார். அதில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் எல்லாம் பாழ் என்பதால், ஒட்டும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார்.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் அவர் செய்த தப்பு.

முந்தின வருடம் அவருடைய ஒரே மகள் இறந்துபோனாள். அப்போதுதான் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மனைவி தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். படார் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். “நெஞ்சழுத்தக்காரன்” என்றார்கள் சிலர். “என்ன தைரியம் பாரு” என்றார்கள் சிலர். சாவு வீட்டில் அடுத்தவன் கண்ணை எட்டிப் பார்க்க ஆளுக்கா பஞ்சம்!

மாலையில் வேலை முடிந்து வந்தால், மகளின் அறையில் மனைவி அழுதுகொண்டிருப்பாள். படார் கதவோரம் நின்று, “சாப்பிட்டியா?” என்பார். பிறகு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். அது பாவம், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் உடைந்துபோனால் வீடு என்னாவது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவருக்கு வலிக்கவே இல்லை. தான் மனிதன்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

மனைவி மெல்ல மெல்லத் தேறினாள். தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து வீட்டுக்காரியோடு ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள். இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று படாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் ஒரு மதியம், சோதனை நன்றாக முடிந்த குஷியில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பலூனிலிருந்து ஹீலியத்தை ஒரு வாய் இழுத்து, “வணக்கம் படார் சார்!” என்று வாத்துக் குரலில் சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் சின்னவளாக இருந்தபோது அவரும் அப்படி இழுத்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுவார். “அப்பா வாத்து! இன்னொரு தடவை! இன்னொரு தடவை!” என்று அந்தப் பக்கம் அவள் கூத்தாடுவாள்.

படார் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அழுகை வந்தது. குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். மாணவிக்குக் கைகால் ஓடவில்லை.

அன்று எடுத்த படத்தின் பிரதியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். படத்தை அவள் முன்னால் நீட்டினார்.

“இதப் பாரு. மேல ஓடியிருக்கே, அது நீ. உனக்குள்ள அடி அன்னைக்கே பாஞ்சிடுச்சு. கீழ பின்தங்கி நிக்குதே, அது நான். எனக்கு இப்பதான் வந்து சேருது. ஒரே அடிதாம்மா. தாங்க முடியல. என்கூட உக்காந்து கொஞ்சம் அழேன்.”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

“நான் கதறினப்ப நீங்க ஒரு நாள்கூட அந்த ரூமுக்குள்ள வரலையே.”

“அப்ப எனக்கு வலிக்கலையே. வலிக்காம எப்படி அழறது?”

“நீங்க அழ வேண்டாம். பக்கத்துல உக்காந்திருக்கலாம்ல?”

படார் படத்தை மடித்து மறுபடி சட்டைப்பையில் செருகினார்.

“இப்பதான் எழுந்து நிக்கிறேன்,” என்றாள். “மறுபடி உங்ககூட அதுக்குள்ள இறங்கினா என்னால திரும்பி வர முடியாது. என்னைக் கூப்பிடாதீங்க.” குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அவள் போய் மகளின் அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

“உள்ள போங்க. நானும் அங்கதான் அழுதேன்.”

படார் உள்ளே போனார். நாலு சுவர்தான் இருந்தது. கட்டில் இல்லை, புத்தகங்கள் இல்லை, உடுப்புகள் இல்லை. “பாக்கப் பாக்க நெஞ்சு வெடிக்குது, யாருக்காவது குடுத்துடலாமா?” என்று அவள் ஒருமுறை கேட்டபோது, “குடுத்துடு, சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு” என்று சொன்னவர் அவர்தான். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டவரும் அவர்தான். முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ, மகளின் பழைய சட்டை ஒன்றுகூட அங்கே மிச்சமில்லை.