பிரான் உப்பு

"இது பிரான் என்ற ஊரின் உப்பு. வேறு ஊர் உப்புக்கு இந்தப் பெயரைப் போடச் சட்டம் விடாதாம். சமைத்த பிறகு மேலே கொஞ்சம் தூவினால் போதும். நான் வந்த பிறகு பிரிக்கலாம்."

14.10.2006 அன்று ஸ்லோவேனியாவின் கோப்பர் துறைமுகத்திலிருந்து அப்பா எழுதிய கடிதம் இது. சரக்குக் கப்பலில் அவர் சமையல்காரர். கடிதத்தையும் உப்பையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

நேற்று, 5.3.2017, கப்பலிலிருந்து விடுப்பில் வந்த என் கணவர் அதே உப்பில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்ததும் ஈரமான கடல் மணம் வந்தது. அந்த மணத்தில் நான் மறுபடி கடலோர ஊரான இனயத்தில், எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றேன். எனக்குப் பதினொரு வயது.

அம்மை கருவாடு போட்டு விற்பவள். அன்று ஒரு கூடைச் சாளை மீன் கீறிக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தது: அப்பா கடலில் விழுந்துவிட்டார், உடல் கிடைக்கவில்லை. அம்மை அழவில்லை. திரும்பி வந்து மீனுக்கு உப்பிட்டாள். கடைசி இருபது மீனுக்கு உப்பு போதவில்லை. உள்ளே போய் அப்பாவின் பொட்டலத்தை எடுத்துவந்து கிழித்தாள்.

"ஏட்டி, ஒனக்கு கிறுக்கா? அது அவன் குடுத்துவிட்ட உப்பில்லியா?" என்றாள் பக்கத்து வீட்டு மாமி.

"மீனு அழுவிப் போவும் மாமி. அவரு வந்த பொறவு பிரிக்கணும்னு எழுதியிருக்காரு. இனி யாரு வாறா?"

அந்த இருபது மீனையும் மற்றவற்றோடு சந்தையில் விற்றுவிட்டதாக அம்மை சொல்கிறாள். கோயிலில் அப்பாவுக்கான முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து வீட்டில் பொரித்துத் தின்றோம் என்கிறாள் அக்கா. இன்று காலை இருவரிடமும் மறுபடி கேட்டேன். அவரவர் சொன்னதையே சொன்னார்கள். எனக்கு எந்தச் சுவையும் நினைவில் இல்லை. எது நடந்தது என்பது இதுவரை உறுதிப்படவில்லை.